சுருட்டை முடியை இரவில் எப்படிக் கட்டிப் படுப்பது? கச்சான் காற்றுக்கு ஒரு முறை, மாரி மழைக்கு ஒரு முறையா?

கல்லடி_சுருட்டை

எனக்கு இயற்கையிலேயே சுருட்டை முடி, முதுகு வரை இருக்கும். முழுகி, கண்டிஷனர் விட்டு, ஈரத்தோடு ஜெல் பூசிக் கசக்கி விட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கம் தட்டை, பின்கழுத்தில் சிக்கு, மேலே எல்லாம் பறந்துகொண்டு நிற்கிறது. மறுகா சீப்பால் இழுத்து, எண்ணெய் வைத்து, பின்னிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். தினமும் முழுக நேரமும் இல்லை, முழுகினால் தடிமனும் பிடிக்கிறது.

யூடியூபில் அன்னாசிக் கொண்டை, சட்டின் தொப்பி என்று நிறையக் காட்டுகிறார்கள். அவர்கள் படுப்பது ஏசி அறையில். எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கரை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, பூட்டினால் வேர்வை. இங்கே உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு முழுக்கை எத்தனை நாளுக்கு இழுக்க முடிகிறது?

பார்லரில் கேட்டால் ஸ்ட்ரெய்ட் பண்ணச் சொல்கிறார்கள். அந்த அறிவுரை மட்டும் வேண்டாம்.

செங்கலடி ரீச்சர்

இதற்கு ஏன் புள்ள இவ்வளவு யோசனை? எண்ணெயைத் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுப் படுத்தால் முடிந்தது. எங்கள் அம்மா, அம்மம்மா எல்லோரும் அப்படித்தான். சிக்கும் இல்லை, பறக்கவும் இல்லை.

கல்லடி_சுருட்டை

சிக்கு வராது என்பது சரிதான் ரீச்சர். ஆனால் பின்னலை அவிழ்த்தால் காலையில் அலை அலையாய் வேறு ஒரு தலை இருக்கிறது. நான் காப்பாற்றப் பார்ப்பது என் சுருளை.

களுவாஞ்சிக்குடி_டொரொண்டோ

தங்கச்சி, தெரியாதவர்களும் வாசிப்பார்கள், அன்னாசி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தலையைக் குனிந்து முடி முழுவதையும் நெற்றிப் பக்கமாய் உச்சிக்குக் கொண்டு வந்து, துணி சுற்றிய ரப்பரால் ஒரே ஒரு சுற்று, தளர்வாக. சுருள் எல்லாம் உச்சியில் நிற்கும். தலையணையில் படுவது பின்தலையில் முடியின் அடிப்பகுதி மட்டும். முதுகு வரை முடி இருந்தால் இது நன்றாய் வரும். தோளோடு நிற்கிற முடி என்றால் பின்கழுத்துப் பகுதி எட்டாது, அவர்கள் இரண்டு மூன்றாய்ப் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம்.

நான் இங்கே கரீபியன் பெண்கள் நடத்துகிற சலூனுக்குத்தான் போவேன். இரவில் தொப்பி போடுவது, இரட்டைப் புரியாய் முறுக்கி விடுவது, சிறு சிறு பகுதியாய்ச் சுருட்டி முடிகிற பாண்டு முடிச்சு, இந்த அன்னாசி, எல்லாம் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாய்க் கைப்பழக்கத்தில் வளர்த்த கலை. அவர்களில் பலருக்குச் சுருள் மிக நெருக்கமானது. முறுக்கி விட்டால் நுனியைக் கட்டாமலே நிற்கும். காலையில் அவிழ்த்த வடிவம் நாள் கணக்கில் இருக்கும். எங்கள் பக்கத்துச் சுருள் பெரும்பாலும் தளர்வானது, வழுக்கலும் கூட. அதே முறுக்கைப் போட்டால் நடுச்சாமத்துக்கு முன் தானாய் அவிழ்ந்துவிடும். ஆகவே வீடியோவில் ஒரு வாரம் என்றால் அதை அப்படியே எதிர்பார்க்காதே. முழுகிய நாளுக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று நாள் வெளியே போகக் கூடிய தலையாய் இருந்தால் அது பெரிய காரியம்.

வந்தாறுமூலை_கெமிஸ்ட்ரி

படுத்தெழும்பினால் ஏன் வடிவம் கெடுகிறது என்பதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

முடி என்பது கெரற்றின் என்ற புரதம். அதற்குள் இருக்கிற பிணைப்புகளில் வலியது கந்தகப் பிணைப்பு. பார்லரில் நிரந்தரமாய் நிமிர்த்தப் போடும் மருந்துகளில் பல, உடைப்பது அதைத்தான். அதை விட மெலிந்தது ஐதரசன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் விடும், காயும்போது புதிதாய்ப் பிடிக்கும். முடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்பது அதனால்தான். முழுகிய பிறகு கசக்கி விட்ட சுருள் நிற்பதற்கும் அதுவே காரணம், பாதி ஈரத்தோடு தலையணையில் நசுங்கியது தட்டையாகவே நிற்பதற்கும் அதுவே காரணம்.

காய்ந்த தலையோடு படுத்தாலும் தப்ப முடியாது. காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் முடி தன் நிறையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரை உறிஞ்ச வல்லது. இரவில் வெப்பம் இறங்கும்போது, காற்றில் நீராவி கூடாவிட்டாலும் சாரீரப்பதன் ஏறும், அதாவது காற்று தாங்கக் கூடிய ஈரத்தில் எவ்வளவு பங்கு நிறைந்திருக்கிறது என்ற கணக்கு. வாவிக்கரையில் கேட்கவே வேண்டாம். இதோடு பிடரி வேர்வை. வெளிநாட்டு வீடியோக்கள் தலையணை உராய்வோடு நின்றுவிடுகின்றன. நாங்கள் ஈரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உராய்வுக்குத் துணியை மாற்றினால் போதும். ஈரத்துக்கு முழுகுகிற நேரத்தையே மாற்ற வேண்டி வரும்.

அக்கரைப்பற்று_பொடியன்

ஆம்பிளைகள் கேட்கலாமா? எனக்கும் சுருட்டைதான். உம்மாவின் வழுவழுப்பான பழைய ஷோலைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்தேன். தம்பி போட்டோ எடுத்துக் குடும்ப வட்ஸப்பில் போட்டுவிட்டான். சாச்சி முதற்கொண்டு எல்லோரும் ‘புதுப்பொண்ணு’ என்கிறார்கள். தலையணை உறையை மட்டும் மாற்றினால் போதாதா?

மருதமுனை_நெசவு

போதும் தம்பி. குட்டை முடிக்கு உறையே போதும்.

ஆனால் கடையில் சட்டின் என்று எதைத் தருகிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். சட்டின் என்பது நெசவு வகை. எந்த நூலிலும் நெய்யலாம். நாங்கள் சாரன் நெய்கிற சாதாரண நெசவில் குறுக்கே போகிற ஊடை நூல், நெடுக்கே நிற்கிற ஒரு பாவு நூலுக்கு மேலால், அடுத்ததற்குக் கீழால் என்று மாறி மாறிப் போகும். சட்டினில் ஒரு நூல் பல நூல்களைத் தாண்டி மேலால் மிதந்து போய்த்தான் ஓரிடத்தில் இறங்கும். கைக்குத் தட்டுப்படுகிற மேடு பள்ளம் குறைவு, அதனால் வழுக்கும். இங்கே கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பொலியெஸ்டர் சட்டின்.

இன்னொன்று. ‘பருத்திதான் ஈரத்தை உறிஞ்சும், பட்டு உறிஞ்சாது’ என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். துணித் தொழிலின் நியமக் கணக்குப்படி பருத்தி தன் உலர்ந்த நிறையில் 8.5 சதவீதம் ஈரம் கொள்ளும், பட்டு 11 சதவீதம். பொலியெஸ்டர் வெறும் 0.4. பட்டு முடிக்கு நல்லது என்றால் அதற்குக் காரணம் அதன் நீளமான வழுவழுப்பான இழை. பருத்தி நூல் குட்டை நார்களை முறுக்கிச் செய்தது, நார் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு முடியைப் பிடிக்கும். ஆகவே முடிக்காக மட்டும் பெரிய விலை கொடுத்துப் பட்டு வாங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். பொலியெஸ்டரில் ஒரு வினை உண்டு, அது வேர்வையை வாங்காது. ஃபேன் இல்லாத அறையில் கன்னம் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

காத்தான்குடி ராத்தா

கரண்ட் போன இரவில் பொலியெஸ்டர் தொப்பியைப் போட்டுப் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த வினை!

பகல் முழுக்க ஸ்கார்ஃப் கட்டுகிறவர்களுக்கு முடி இரவில் மட்டும் கெடுவதில்லை. உள்ளே போடுகிற கொட்டன் தொப்பி நாள் முழுக்க நெற்றியோரத்தை உராய்ந்துகொண்டே இருக்கும். அந்த உள்தொப்பிக்குள் சட்டின் துணி வைத்துத் தைத்துக்கொண்டால் இரவு வேலை பாதி குறையும். தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் வுழூவில் தலையை மஸஹ் செய்கிறோம், அதாவது ஈரக்கையால் தடவுகிறோம், அந்தக் கை நாளைக்குப் பல முறை முன்தலையில் படுகிறது. முன்முடி பறக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு இது ஞாபகத்துக்கே வருவதில்லை. தடவிய பிறகு துவாயால் தேய்க்காமல், விரலால் முடி போகிற திசையிலேயே நீவி, கொஞ்சம் காற்றுப் பட விட்டுக் கட்டுங்கள்.

முழுக்கு என்றால் நான் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான். காலையில் முழுகினால் ஈரத்தோடு ஸ்கார்ஃபுக்குள் போகும். இரவில் முழுகினால் ஈரத்தோடு தலையணைக்குப் போகும். பின்னேரம் முழுகினால் இரவு இஷா தொழுகை முடித்துப் படுக்கப் போகும் முன் நன்றாய்க் காய்ந்துவிடும்.

செங்கலடி ரீச்சர்

ராத்தா சொல்லுகிற நேரக் கணக்கு நல்லது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணெயை ஒருவரும் பேசக் காணோம். தேங்காயெண்ணெய் இல்லாமல் என்ன முடி வளர்ப்பு? அதோடு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முடியை விரித்துக்கொண்டு வர முடியாது. இரட்டைப் பின்னல்தான் ஒழுங்கு.

வந்தாறுமூலை_கெமிஸ்ட்ரி

ரீச்சர், எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2003 இல் ரேலே, மொஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவுண்டு போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கக் கூடியது.

ஆனால் எண்ணெய்க்கு நேரம் உண்டு. முழுகுவதற்கு முன் வைத்தால் நல்ல பலன். முழுகி, ஜெல் போட்டு, சுருள் காய்ந்த பிறகு இரவில் அள்ளித் தேய்த்தால் பாரத்தில் சுருள் தொங்கிவிடும், ஜெல்லின் பிடியும் போய்விடும். சுருட்டை முடியில், தலைத்தோலில் தானாய் ஊறும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனி வரை சுலபமாய்ப் போகாது, அதனால் நுனிதான் காய்ந்து கிடக்கும். இரவில் எண்ணெய் வேண்டும் என்றால் உள்ளங்கையில் ஓரிரு துளி தேய்த்து நுனியில் மட்டும் பூசலாம்.

களுவாஞ்சிக்குடி_டொரொண்டோ

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். ‘ஒழுங்கான தலை’ என்பதற்காக இங்கே சட்டமே போட வேண்டி வந்தது. இயற்கை முடியையும் பின்னல், முறுக்கு போன்ற அலங்காரங்களையும் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் முதலில் கலிபோர்னியா 2019 இல் கிரவுன் சட்டம் கொண்டு வந்தது. ரீச்சர், கோபிக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. சுருட்டை என்றாலே குழப்படித் தலை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

செங்கலடி ரீச்சர்

நான் அப்படிச் சொல்லவில்லை. பேன் பரவாமல் இருக்கவும் பின்னல் உதவும் என்பது வகுப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

பாண்டிருப்பு_அம்மா

என் மகளுக்கு மூன்று வயது. பின்தலையில் ஒவ்வொரு காலையும் முடி சடையாய்த் திரண்டு நிற்கிறது. சீப்பை எடுத்தாலே ஓடுகிறாள். தொப்பி போட்டால் இழுத்து எறிகிறாள்.

கல்முனை_நேர்ஸ்

சின்னப் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம். தூக்கத்தில் நழுவி முகத்தில் விழலாம். கட்டிலில் இறுக்கமாய் இழுத்துப் போட்ட வழுவழுப்பான விரிப்பே போதும். காலையில் உலர்ந்த முடியில் சீப்புப் போடாமல், கொஞ்சம் தண்ணீரும் கண்டிஷனரும் தொட்டு விரலால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள்.

பெரியவர்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். இறுக்கமாய் உச்சிக்குத் தூக்கிக் கட்டி ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் இழுபட விட்டால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்து வரும். நீண்ட காலம் அப்படியே விட்டால் வேர் திரும்பி முளைக்காமலும் போகலாம். கட்டிய பிறகு தலைத்தோல் நோகிறது, புருவம் மேலே இழுபடுகிறது என்றால் அது இறுக்கம். கொஞ்ச நாளைக்கு ஒரு தரம் கட்டும் இடத்தை மாற்றுங்கள்.

ஈரத்தலையோடு படுப்பதைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். ஈர முடி ஊதி, இழுபட்டு நீளும், அந்த நிலையில் தேய்த்தால் சீக்கிரம் உடையும். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்கிற பூஞ்சணம் எல்லோர் தலைத்தோலிலும் இருப்பது. அதற்கு எண்ணெய்ப்பசையும் புழுக்கமும் கொண்டாட்டம். ஆகவே எத்தனை நாள் முழுகாமல் இருக்கலாம் என்பதைச் சுருளைப் பார்த்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். தலை கடிக்கிறது, மணக்கிறது என்றால் சுருள் எவ்வளவு அழகாய் நின்றாலும் முழுகத்தான் வேண்டும்.

தாண்டவன்வெளி_மிஸ்

எங்கள் பறங்கிக் குடும்பத்தில் கதை தலைகீழ். பெரியம்மாவுக்கு நேரான முடி, நத்தார் பூசைக்குச் சுருள் வேண்டும். தையல் வேலையில் மிஞ்சிய துணிக் கீற்றுகளில் ஈர முடியைச் சுற்றி, முடிச்சுப் போட்டுப் படுப்பாராம். விடிய அவிழ்த்தால் சுருள். அன்றைய மாரி ஈரத்தில் பூசை முடிவதற்குள் பாதி தொங்கிவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கெமிஸ்ட்ரித் தம்பி சொன்ன அதே ஐதரசன் சங்கதிதான் போலிருக்கிறது.

கல்லடி_சுருட்டை

எல்லோருக்கும் நன்றி. அன்னாசிக்குத் துணி ரப்பர், உறைக்குப் பொலியெஸ்டர் சட்டின் என்று எடுத்துவிட்டேன். பின்னேரம் முழுகுவதும் எனக்குச் சரிவரும். இப்போது இது வேலை செய்கிறது, ஆனால் மாரி வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயம். கச்சான் காலத்தில் எனக்கு முடி வைக்கோல் மாதிரிக் காய்ந்து உடையும், மழைக்காலத்தில் அதே முடி ஊதிப் பெருத்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே கட்டு சரியா?

வந்தாறுமூலை_கெமிஸ்ட்ரி

சரி இல்லை. என் எண்ணத்தில் இந்தக் கலந்துரையாடலில் பேச வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வரும். அதுதான் கச்சான். ஜூன், ஜூலையில் நன்றாய்த் தெரியும். அந்தக் காற்று முடியிலிருந்து ஈரத்தை எடுக்கும், புழுதியையும் கொண்டு வந்து போடும். அப்போது இரவில் முடியை முழுவதும் மூடிக் கட்டுவதில் பலன் உண்டு. படுக்கும் முன் நுனிக்குக் கொஞ்சம் கழுவாமல் விடும் கண்டிஷனர், அதன் மேல் ஓரிரு துளி எண்ணெய், மறுகா அன்னாசி, அதற்கு மேல் தொப்பி. காலையில் தண்ணீர் தெளித்துச் சுருளைத் திரும்ப எழுப்பலாம், சீக்கிரம் காய்ந்துவிடும்.

மாரியில் கதை வேறு. எங்களுக்கு மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவத்தோடு வருவது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைய. கிளிசரின் உள்ள கிரீம், ஜெல் எல்லாம் அந்த ஈரத்தை இழுத்து முடிக்குக் கொடுக்கும், முடி ஊதும். போத்தலின் பின்பக்கத்தில் பொருட்களின் பெயரை வாசியுங்கள், கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அதைக் கச்சானுக்கு எடுத்து வையுங்கள். மாரியில் பிடி கூடிய ஜெல்லைக் கொஞ்சம் தாராளமாய்ப் போட்டு, அது காய்ந்து விறைத்த கூட்டை அன்றிரவு கசக்கி உடைக்காமல் அப்படியே விட்டுப் படுங்கள். கூடு இரவு முழுக்க வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும், காலையில் உடைத்தால் உள்ளே மெத்தென்ற சுருள் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் கிடைக்கிற வித்தியாசம் தொப்பியில் கூடக் கிடைக்காது. மாரியில் தொப்பியை விட்டுவிட்டு உறையும் அன்னாசியும் மட்டும் போதும் என்பது என் கட்சி, உள்ளே வேர்த்தால் தொப்பியே எதிரி. காலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். கலைந்த சுருளை மட்டும் பார்த்து, ஈர விரலால் சுற்றிவிட்டால் போதும்.

காத்தான்குடி ராத்தா

தொப்பி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஃபேன் நேரே தலையில் அடிக்கிற கட்டிலில் தொப்பி இல்லாமல் படுத்தால் சுருள் மழையிலும் கலையும். தொப்பியை மெல்லிய துணியில் தளர்வாய்த் தையுங்கள், அல்லது ஃபேனைக் கால்பக்கம் திருப்புங்கள்.

தெளிக்கிற தண்ணீரில் கண்டிஷனர் கலந்து நாள் கணக்கில் போத்தலில் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள். இந்த வெக்கையில் கெட்டு மணக்கும். அன்றன்றைக்குக் கொஞ்சமாய்க் கலப்பதுதான் நல்லது.

திருக்கோவில்_கரையான்

பாசிக்குடாவில் குளித்துவிட்டு உப்புத் தலையோடு பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன மருந்து?

கல்முனை_நேர்ஸ்

நல்ல தண்ணீர். கடலுக்குள் இறங்குவதற்கு முன்னும் தலையை நல்ல தண்ணீரால் நனையுங்கள், அப்போது முடி உப்பைக் குறைவாய்க் குடிக்கும். ஏறியவுடன் கழுவிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

கல்லடி_சுருட்டை

கடையில் கிடைக்கும் தொப்பிகள் எனக்கு நெற்றியில் கோடு போடுகின்றன. வீட்டில் தைப்பதென்றால் அளவு என்ன?

மருதமுனை_நெசவு

முதுகு வரை முடிக்கு 24 அங்குலம் குறுக்களவில் வட்டமாய் வெட்டுங்கள். தோள் வரை என்றால் 20 போதும். வழுவழுப்பான பக்கம் முடியைத் தொட வேண்டும், அதனால் அதை உள்ளே வைத்துத் தையுங்கள், வெளியே மெல்லிய கொட்டன் போட்டால் தலையணையில் வழுக்காமல் நிற்கும். இலாஸ்டிக் தலைச் சுற்றளவை விட ஓரிரு அங்குலம் மட்டும் குறைய இருக்கட்டும், அகலமானதாக எடுங்கள், அப்போது கோடு விழாது. இலாஸ்டிக்குப் பதில் முன்பக்கம் நாடா வைத்துக் கட்டினால் இறுக்கம் உங்கள் கையில். கடும் நிறத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு தரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்று_பொடியன்

குட்டை முடிக்குக் கறுப்பில் ஒன்று தைத்தால் எவ்வளவு துணி போகும்? தம்பி கண்ணில் படாத நிறம் வேண்டும்.

மருதமுனை_நெசவு

அரை மீற்றருக்குள் அடங்கும் தம்பி.